ஸ்டுடியோ ஸ்பீக்கருக்குப் பியூஸ்: கணக்கு, தேர்வு, பொருத்தும் முறை

தருமபுரியில் என்னுடைய ஒலிப்பதிவு அறை ஒரு வீட்டின் மேல்மாடியில் இருக்கிறது. கூத்துக் குழுக்களின் பாட்டு, மாரியம்மன் திருவிழாவுக்கான பம்பை, எருது விடும் விழாவின் அறிவிப்புக் குரல், பள்ளி ஆண்டு விழாவுக்கான பின்னணி இசை என்று அங்கே நடக்கும் வேலை பலவகைப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்து மாலை ஒன்றில், கோடை மழைக்கு முந்திய காற்றில் மின்சாரம் மூன்று முறை போய்ப் போய் வந்தது. மூன்றாவது முறை வந்தபோது வலப்பக்க ஸ்பீக்கரில், தாழ்ந்த ஸ்வரங்களைத் தரும் வூஃபரின் கோன் ஒரு சத்தத்தோடு முன்னே தள்ளப்பட்டு, திரும்பாமல் அப்படியே நின்றது. பாட்டு ஏன் நின்றது என்று நான் மிக்ஸரில் கேபிளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அரை நிமிடத்துக்குள் கோனுக்குப் பின்னாலிருந்து புகை வந்துவிட்டது.

ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆகி, அதற்குள் இருக்கும் 38 வோல்ட் நேர்மின்சாரம், அதாவது டிசி, நேராக வூஃபருக்குப் போயிருந்தது. வூஃபரின் வாய்ஸ் காயிலுக்கு, அதாவது கோனை அசைக்கும் கம்பிச் சுற்றுக்கு, 6 ஓம் தடை என்றால் அதில் ஓடியது ஏறக்குறைய 6.3 ஆம்பியர், வெப்பமாக மாறியது 240 வாட். 60 வாட் தாங்கும் காயில் அதை எவ்வளவு நேரம் பொறுக்கும்? ஒரு டீயின் விலைகூடப் பெறாத கண்ணாடி பியூஸ் ஒன்று அந்த வழியில் இருந்திருந்தால் 0.3 நொடிக்குள் வேலை முடிந்திருக்கும். ஆனால் எந்தப் பியூஸை வேண்டுமானாலும் போட்டுவிட்டால் அந்தப் பலன் கிடைத்துவிடாது. பெரும்பாலான ஸ்பீக்கர்களில் நான் காண்பது, அளவு தவறிய பியூஸ் முழுதாக இருக்க, காயில் கருகிக் கிடக்கும் காட்சியைத்தான். எனவே இந்த வழிகாட்டியில் கணக்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த ஸ்பீக்கருக்கு இது பொருந்தும்

ஆம்ப்ளிஃபையர் தனியாகவும் ஸ்பீக்கர் தனியாகவும் இருந்து, இரண்டையும் ஸ்பீக்கர் ஒயர் இணைக்கும் அமைப்புக்கே இங்கே சொல்வதெல்லாம் பொருந்தும். 1978-இல் வீட்டு ஸ்பீக்கராக வெளிவந்து, பிறகு உலகெங்கும் கலவைக் கூடங்களில், அதாவது பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சீராக்கும் ஸ்டுடியோக்களில், இடம்பிடித்த யமஹா என்எஸ்-10 இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஊர்ப்புறக் கூடங்களில் பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபையரோடு ஓடும் பெட்டிகளும் இந்த வகைதான்.

ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேயே அடங்கிய ஆக்டிவ் மானிட்டர் வைத்திருப்பவர்கள் உள்ளே எந்தப் பியூஸையும் புதிதாகச் சேர்க்கக் கூடாது. அவற்றில் வூஃபருக்கும், உயர் ஸ்வரங்களைத் தரும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர் இருக்கும். பலவற்றில் அளவு மீறலைத் தடுக்கும் லிமிட்டர் சுற்றும் கூடவே இருக்கும். அவற்றின் பின்புறம் மின்செருகிக்கு அருகில் இருக்கும் பியூஸ், மின்வழங்கிக்கும் தீ விபத்துக்கும் எதிரான காவலே தவிர, காயிலுக்கான காவல் அன்று. அது போனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதே அளவையும் அதே வகையையும் மட்டும் போட வேண்டும்.

காயிலும் பியூஸும் உறவுக்காரர்கள்

ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் ஒலியாக மாறும் பங்கு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரின் திறமை ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. மீதி முழுவதும் வாய்ஸ் காயிலில் வெப்பமாகிறது. அந்த வெப்பம் காந்தத்தின் இடுக்கு வழியாகவும் காற்று வழியாகவும் வெளியேறும் வேகத்தைவிட வந்து சேரும் வேகம் கூடும்போது காயிலின் பசை இளகி, சுற்று அவிழ்ந்து, காந்த இடுக்கில் உரசி, முடிவில் எரிந்து அறுகிறது.

பியூஸும் இதே போன்ற ஒரு கம்பிதான். அதுவும் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடாகிறது. அதற்கும் சூடேற நேரம் வேண்டும். அதுவும் தாங்க முடியாதபோது அறுகிறது. ஆகவே ஸ்பீக்கருக்குப் பியூஸ் தேர்ந்தெடுப்பது என்பது, காயிலுக்கு முன்னால் வரிசையில் நின்று, காயில் சாகும் முன்பு தான் சாகும்படியான இன்னொரு கம்பியைப் பார்த்து நிறுத்துவதே ஆகும். கம்பி பெரிதாக இருந்தால் காயில் முந்திக்கொள்ளும். மிகச் சிறிதாக இருந்தால் நல்ல பாட்டின் நடுவில் காரணமில்லாமல் அறுந்து மானத்தை வாங்கும்.

ஸ்பீக்கரின் சாவுக்கு இன்னொரு வழியும் உண்டு. கோன் தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் பாய்ந்து, காயில் அடித்தட்டில் மோதியோ ஓரத் தாள் கிழிந்தோ கெட்டுப்போவது அது. அந்தப் பாய்ச்சல் சில மில்லிநொடிகளில் நடந்து முடிந்துவிடும். பியூஸ் அதைத் தடுக்காது. அதற்கான மாற்றைப் பின்னால் சொல்கிறேன்.

படி 1: உண்மையான ஓமையும் உண்மையான வாட்டையும் கண்டுபிடித்தல்

ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் பொதுவாக 5.5 முதல் 7 ஓம் வரையிலும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.8 ஓம் வரையிலும் காட்டும். மீட்டர் காட்டுவது காயிலின் வெறும் தடை. பெட்டியில் அச்சிட்டிருப்பது ஒலி அலைக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு. அதனால்தான் இந்த வேறுபாடு. பியூஸ் கணக்குக்கு அச்சிட்ட எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். டிசி ஆபத்தைக் கணக்கிட மட்டும் மீட்டர் காட்டும் எண் வேண்டும்.

வாட் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரே ஸ்பீக்கருக்குத் தொடர் திறன் 60 வாட், புரோகிராம் திறன் 120 வாட், உச்சத் திறன் 240 வாட் என்று மூன்று எண்கள் அச்சிட்டிருக்கலாம். மூன்றும் பொய்யல்ல, ஆனால் பியூஸுக்கு உரியது மிகச் சிறிய எண், அதாவது தொடர் திறன் மட்டுமே. பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருந்தால் அதை வாசிக்கவே வேண்டாம். எண்ணே இல்லாத, உள்ளூரில் பூட்டிய பெட்டியாக இருந்தால் வூஃபரைக் கழற்றி அதன் காந்தத்தின் பின்புறத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அங்கும் சந்தேகம் இருந்தால் அதில் பாதியை எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

படி 2: முழு ஸ்பீக்கருக்கான பியூஸ் கணக்கு

தொடர் வாட்டை ஓமால் வகுத்து, வருவதற்கு வர்க்கமூலம் எடுத்தால் அந்த ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கக்கூடிய ஆம்பியர் கிடைக்கும். 60 வாட், 8 ஓம் என்றால் 60-ஐ 8 ஆல் வகுக்க 7.5, அதன் வர்க்கமூலம் 2.74. உடனே 2.5 ஆம்பியர் பியூஸ் வாங்கப் புறப்படுபவர்கள் உண்டு. அங்கேதான் தவறு நடக்கிறது.

பியூஸின் மேல் அச்சிட்டிருப்பது அது அறும் அளவு அன்று; அது நிம்மதியாகச் சுமக்கும் அளவு. ஐஇசி 60127 தரத்தின்படி செய்த, வேகமாக அறும் கண்ணாடி பியூஸ் தன் அளவைப் போல ஒன்றரை மடங்கு மின்னோட்டத்தைக் குறைந்தது ஒரு மணி நேரமாவது தாங்கியாக வேண்டும். 2.1 மடங்கில் அரை மணி நேரத்துக்குள்ளும், 4 மடங்கில் 0.3 நொடிக்குள்ளும், 10 மடங்கில் 0.02 நொடிக்குள்ளும் அது அறுந்துவிட வேண்டும். ஆகவே 2.5 ஆம்பியர் பியூஸ் 3.75 ஆம்பியரை ஒரு மணி நேரம் விட்டுக்கொண்டே இருக்கலாம். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 112 வாட். 60 வாட் காயில் அந்த ஒரு மணி நேரத்தைக் காணப்போவதில்லை.

சரியான கணக்கு இது: கிடைத்த ஆம்பியரை ஒன்றரையால் வகுத்து, வரும் எண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும் சந்தை அளவை எடுக்க வேண்டும். 2.74-ஐ 1.5 ஆல் வகுத்தால் 1.83, அதற்குக் கீழே கிடைப்பது 1.6 ஆம்பியர். இந்தப் பியூஸ் ஒரு மணி நேரம் விடக்கூடியது 2.4 ஆம்பியர், அதாவது 46 வாட். காயிலின் எல்லைக்குள் இருக்கிறது. என் வூஃபரைக் கொன்ற 6.3 ஆம்பியர் இதற்கு ஏறத்தாழ 4 மடங்கு; தொடக்கத்தில் 0.3 நொடி என்று சொன்னது இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். அதே 60 வாட் ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்தால் 3.87 ஆம்பியர், ஒன்றரையால் வகுக்க 2.58, எனவே 2.5 ஆம்பியர் பியூஸ்.

1.6 ஆம்பியர் பியூஸ் போட்டால் பாட்டின் உச்சங்களில் அடிக்கடி போய்விடாதா என்று கேட்கலாம். போகாது. ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து 85 டெசிபலில் கலவை செய்யும்போது 88 டெசிபல் திறன்கொண்ட ஸ்பீக்கருக்குச் சராசரியாக அரை வாட்தான் போகிறது. மின்னோட்டம் கால் ஆம்பியர். பம்பையின் ஓர் அடி கண நேரத்துக்கு 60 வாட்டைத் தொட்டாலும் அந்தக் கண நேரத்தில் பியூஸ் கம்பி உருகும் அளவுக்குச் சூடேறாது. கணினி முன் தனியாக உட்கார்ந்து கலவை மட்டும் செய்பவர்களுக்கு 1 ஆம்பியரே போதும். என்னிடம் வரும் கூத்துக் கலைஞர்கள் பதிவு முடிந்ததும் முழு அறையும் அதிரக் கேட்டால்தான் திருப்தி அடைவார்கள். அதனால் நான் 1.6-இல் நிற்கிறேன்.

ஓர் எச்சரிக்கை: அமெரிக்க யுஎல் தரத்தில் செய்த பியூஸ்களின் கணக்கு வேறு. அவை அச்சிட்ட அளவின் 1.35 மடங்கிலேயே ஒரு மணி நேரத்துக்குள் அறுந்துவிட வேண்டும். அந்த வகை கையில் கிடைத்தால் ஒன்றரைக்குப் பதிலாக 1.35 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ட்வீட்டருக்குத் தனிப் பியூஸ்

முழு ஸ்பீக்கருக்கும் போட்ட 1.6 ஆம்பியர் பியூஸ் ட்வீட்டரைக் காப்பாற்றாது. பெட்டிக்கு 60 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், பாட்டில் உயர் ஸ்வரங்களின் பங்கு குறைவு என்ற நம்பிக்கையில் வைக்கப்பட்ட ட்வீட்டரின் மெல்லிய காயில் தனியாகத் தொடர்ந்து தாங்குவது பெரும்பாலும் 5 முதல் 10 வாட்தான். அந்த நம்பிக்கை இரண்டு இடங்களில் பொய்த்துப்போகிறது.

ஒன்று, மைக் கூவல். முகவீணை பதிவின்போது கலைஞர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் கேட்க ஆசைப்பட்டு, யாரோ மிக்ஸரில் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்றிவிட்டால், 3 அல்லது 4 கிலோஹெர்ட்ஸில் பிறக்கும் கூவல் முழுவதும் ட்வீட்டருக்கே போகிறது. அப்போது ஆம்ப்ளிஃபையர் 40 வாட் கொடுத்தால் 8 ஓம் ட்வீட்டரில் ஓடுவது 2.2 ஆம்பியர்; அது 1.6 ஆம்பியர் பியூஸ் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இன்னொன்று, சிறிய ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் முறுக்குவது. அலையின் தலையும் அடியும் வெட்டுப்பட்டுச் சதுரமாகும்போது, 50 வாட் ஆம்ப்ளிஃபையர் 100 வாட் வரை வெளியே தள்ளும். அதோடு, கீழ் ஸ்வரங்கள் எல்லையில் முட்டி நிற்க, மேல் ஸ்வரங்கள் மட்டும் வளர்ந்துகொண்டே போவதால் ட்வீட்டருக்குப் போகும் சராசரி வாட் பல மடங்காகிறது. சதுர அலையில் டிசி இருப்பதால் ட்வீட்டர் எரிகிறது என்று மைக் செட் வட்டாரத்தில் சொல்வதுண்டு. சமச்சீராக வெட்டுப்பட்ட அலையில் டிசி கிடையாது. இருந்தாலும், ஸ்வரங்களை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரின் கண்டன்சர் அதை விடாது. எரிப்பது சராசரி வெப்பமே.

கணக்கு முன்போலத்தான். ட்வீட்டர் தாங்குவது 6 வாட், 8 ஓம் என்றால் 0.87 ஆம்பியர், ஒன்றரையால் வகுக்க 0.58. கீழே கிடைக்கும் அளவு 500 மில்லிஆம்பியர். 630 போட்டால் அது 0.95 ஆம்பியரை, அதாவது 7 வாட்டுக்கு மேல், ஒரு மணி நேரம் விடும், துணிச்சல்காரர்கள் போட்டுக்கொள்ளலாம். மேலே சொன்ன 2.2 ஆம்பியர் கூவலில் 500 மில்லிஆம்பியர் பியூஸ் 0.3 நொடிக்குள் போய்விடும்.

படி 4: வாங்குதலும் பலிகொடுத்துச் சோதித்தலும்

தேவையானவை 5-க்கு 20 மில்லிமீட்டர் அளவுள்ள கண்ணாடி பியூஸ்கள். பெரிய அளவான 32 மில்லிமீட்டர் பியூஸும் வேலை செய்யும். ஹோல்டர் அதற்கேற்ப இருக்க வேண்டும். உலோகத் தொப்பியில் அளவுக்கு முன்னால் எஃப் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் வேகமாக அறும் வகை. டி (T) என்று இருந்தால் தாமதமாக அறும் வகை. ஸ்பீக்கருக்கு எஃப் மட்டுமே. மின்மாற்றி உள்ள கருவிகளின் மின்செருகிப் பக்கத்துக்கு உரியது டி. ஆன் செய்யும் கணத்தில் பாயும் பெரும் மின்னோட்டத்தைப் பொறுத்துக்கொள்ளவே அது தாமதிக்கிறது. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுவைக்காதீர்கள்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நான் ஏறி இறங்கிய கடைகளில் 1, 2, 3, 5 ஆம்பியர் எளிதாகக் கிடைத்தன, 1.6 ஆம்பியரும் 500 மில்லிஆம்பியரும் கேட்டால் 'ரெண்டு ஆம்ப்ஸ் போடுங்க சார், ஒண்ணும் ஆகாது' என்ற பதில்தான் வந்தது. அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு திரும்ப வேண்டாம். நமக்குப் பெங்களூரு எஸ்பி ரோடு பக்கம். சென்னைக்குப் போகிறவர்கள் ரிச்சி தெருவில் வாங்கிவரலாம். ஒவ்வோர் அளவிலும் பத்துக்குக் குறையாமல் வாங்குங்கள், ஏனென்றால் இரண்டு மூன்றைச் சோதனைக்குப் பலிகொடுக்க வேண்டியிருக்கும்.

சில்லறையாக விற்கும் பியூஸின் தொப்பியில் இருக்கும் எண்ணை நான் அப்படியே நம்புவதில்லை. ஒரு 12 வோல்ட் கார் பேட்டரி, வண்டியின் பிரேக் விளக்குக்குப் போடும் 21 வாட் பல்புகள் இரண்டு, 60 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று, முதலை கிளிப் ஒயர்கள் ஆகியவை சோதனைக்குப் போதும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து பியூஸ் வழியாகப் பல்புக்கும், பல்பிலிருந்து எதிர்முனைக்கும் இணைக்க வேண்டும். ஆனால் குளிர்ந்த பல்பு முதல் கணத்தில் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், பியூஸின் இரு முனைகளையும் ஒரு கிளிப் ஒயரால் முதலில் இணைத்துவைத்து, பல்பு நன்றாக எரியத் தொடங்கிய பிறகு அந்த ஒயரை எடுங்கள்.

1.6 ஆம்பியர் பியூஸ் ஒரு 21 வாட் பல்போடு எவ்வளவு நேரமானாலும் தாங்க வேண்டும். அப்போது ஓடுவது ஏறக்குறைய 1.75 ஆம்பியர். இரண்டு பல்புகளைப் பக்க இணைப்பில் போட்டால் 3.5 ஆம்பியர், அரை மணி நேரத்துக்குள் அறுந்தாக வேண்டும். 60 வாட் பல்போடு 5 ஆம்பியர் ஓடும்போது இரண்டு நொடிக்குள் போய்விட வேண்டும். ஹெட்லைட் பல்பு ஐந்து நிமிடமாக ஒளிர்ந்துகொண்டிருக்க, பியூஸும் சிரித்துக்கொண்டிருந்தால் அந்தப் பொட்டலம் முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரவல்லது. ஒயர் நேராக முனைகளில் பட்டால் கை வெந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இனி, பியூஸ் கிடைக்காதபோது ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவிச் சுற்றும் நம் ஊர் வழக்கத்தைப் பற்றி. வீட்டில் பயன்படுத்தும் வளையும் ஒயரின் ஓர் இழை ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிமன் உடையது. அது அறுவதற்கு 7 ஆம்பியர் வேண்டும். என் வூஃபரில் ஓடியது 6.3. அந்த இழை இருந்திருந்தால் காயில் எரிந்து முடிந்த பிறகும் அது முழுதாக இருந்திருக்கும்.

படி 5: பொருத்துதல்

முழு ஸ்பீக்கருக்கான பியூஸை ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு முனையிலிருந்து ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்குப் போகும் ஒயரில், ஒயரோடு தொங்கும் பியூஸ் ஹோல்டரில் போட்டால் போதும். பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. ஹோல்டரைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனிப் பியூஸ் வேண்டும். இரு கருப்பு ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்து மிச்சம் பிடிக்காதீர்கள். சில டிஜிட்டல் வகை ஆம்ப்ளிஃபையர்களில் கருப்பு முனையும் உயிருள்ள முனையே. இரண்டையும் சேர்த்தால் ஆம்ப்ளிஃபையர் போய்விடும்.

ட்வீட்டருக்கான பியூஸை வைக்க எளிய வழி, பின்புறம் நான்கு முனைகள் உள்ள பெட்டிகளுக்கு வாய்த்திருக்கிறது. மேல் இணையையும் கீழ் இணையையும் சேர்க்கும் உலோகத் தகட்டில் சிவப்புப் பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சிறிய ஹோல்டரை இணைத்தால், மேல் இணைக்குப் போகும் மின்சாரம் ட்வீட்டர் பியூஸ் வழியாகவே போகும். இரண்டு முனை மட்டும் உள்ள பெட்டியில் வூஃபரைக் கழற்றி, கிராஸ்ஓவரிலிருந்து ட்வீட்டரின் நேர்முனைக்குப் போகும் ஒயரைக் கண்டுபிடித்து, அதை வெட்டிப் பின்பலகையில் பொருத்திய ஹோல்டர் வரை கொண்டுவர வேண்டும். உத்தரவாதக் காலத்தில் உள்ள பெட்டியில் இதைச் செய்ய வேண்டாம்.

வூஃபரை வெளியே எடுக்கும்போது காந்தம் ஸ்க்ரூடிரைவரைக் கையிலிருந்து பறித்துக் கோனில் குத்திவிடும். நான் ஒரு கோனை அப்படித்தான் இழந்தேன். சால்டரிங் அயர்னை ட்வீட்டரின் முனையில் இரண்டு நொடிக்கு மேல் வைக்காதீர்கள். முடிந்தால் ஒயரின் நடுவிலேயே இணையுங்கள். பின்பலகையில் போட்ட துளையைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்க வேண்டும், இல்லையென்றால் தாழ்ந்த ஸ்வரங்களில் புஸ்ஸென்ற சத்தம் கேட்கும்.

வால்வு ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் இந்தப் படிக்கே வரக் கூடாது. பியூஸ் அறுந்ததும் அந்த ஆம்ப்ளிஃபையர் சுமையில்லாமல் நிற்கும். அதன் வெளியீட்டு மின்மாற்றிக்கு அது ஆபத்து.

படி 6: முதல் முறை இயக்குதல்

ஸ்பீக்கரை இணைக்காமல், பாட்டு எதுவும் இல்லாமல் ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்து ஐந்து நிமிடம் கழித்து, ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். நல்ல ஆம்ப்ளிஃபையரில் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். 100-ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பியூஸ் இருக்கிறதே என்று தொடர வேண்டாம். இது சரியாக இருந்தால் பியூஸ்களைப் போட்டு, குறைந்த ஒலியில் தொடங்கி, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு மெல்ல ஏற்றுங்கள்.

ஒலித் தரம் கெடுமா

கெடும், ஆனால் எவ்வளவு என்பது மின்னோட்டத்தைப் பொறுத்தது. பியூஸ் கம்பி சூடாகும்போது அதன் தடை ஏறுகிறது. 30 அல்லது 40 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகளில் ஒவ்வோர் அரைச் சுற்றுக்குள்ளும் கம்பி சூடேறி ஆறுவதால் தடை அலையோடு சேர்ந்து ஆடி, மூன்றாம் மடங்கு அலை ஒன்றைப் புதிதாகப் பிறப்பிக்கிறது. உயர்ந்த அலைகளில் அந்த வேகத்துக்குக் கம்பியால் ஆட முடியாது. ஆகவே ட்வீட்டர் பியூஸில் இந்தக் குறை பெரிதாக எழுவதில்லை, ஒலியளவு மட்டும் ஒரு டெசிபலில் சிறு பங்கு குறையும். பியூஸின் தாங்கும் அளவில் கால் பங்குக்குள் ஓடும்வரை வூஃபர் பக்கத்திலும் என் காது எந்த வேறுபாட்டையும் கண்டதில்லை. கால் ஆம்பியரில் கலவை செய்கிறவருக்கு 1.6 ஆம்பியர் பியூஸ் குளிர்ந்தே கிடக்கும்.

நடைமுறையில் அதிகத் தொல்லை தருவது ஹோல்டரின் தளர்ந்த கவ்வியும் அதில் படியும் தூசியும்தான். கருங்கல் குவாரிகளின் தூசி காற்றிலேயே மிதக்கும் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இதை நான் நன்றாக அறிந்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பியூஸைக் கழற்றி, தொப்பிகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் போடுங்கள்.

பியூஸ் செய்யாத வேலைகள்

கோன் பாய்ந்து கெடுவதைத் தடுக்க, மிக்ஸரிலோ கணினியிலோ 30 முதல் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரைக் கேட்கும் வழியிலேயே நிரந்தரமாக வையுங்கள். துளையுள்ள பெட்டிகளில் துளையின் இசைவு அளவுக்குக் கீழே போனதும் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தம் இருக்காது; மைக் கீழே விழும் சத்தம் அங்கேதான் கோனைக் கிழிக்கிறது.

மின்சாரம் போய்வரும்போது எழும் 'தப்' சத்தத்தையும் பியூஸ் தடுக்காது. ஆன் செய்தபின் சில நொடி தாமதித்து ஸ்பீக்கரை இணைக்கும், டிசி வந்தால் துண்டிக்கும் ரிலே பலகைகள் சந்தையில் உண்டு. யுபிசி 1237 என்ற ஐசியைக் கொண்டவை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. ஆனால் ரிலேயை மட்டும் நம்ப வேண்டாம்: பெரிய டிசி மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது அதன் முனைகளுக்கு நடுவில் தீப்பொறி நீண்டு, சில வேளை முனைகளே ஒட்டிக்கொள்ளும். ரிலேயோடு பியூஸும் வரிசையில் இருந்தால் ஒன்று தவறினால் மற்றது பார்த்துக்கொள்ளும். மின்சாரம் போனவுடன் ஆம்ப்ளிஃபையர் சுவிட்சை முதலில் அணைத்து, வந்தபின் எல்லாக் கருவிகளும் நிலைபெற்ற பிறகு கடைசியாகப் போடும் பழக்கம் இந்த எல்லாவற்றையும்விட மலிவானது.

ஆம்ப்ளிஃபையரை ஒயர் ஷார்ட்டிலிருந்து இந்தப் பியூஸ் காக்கும் என்றும் எண்ண வேண்டாம். டிரான்சிஸ்டர் பியூஸைவிட வேகமானது. தன் உயிரைக் கொடுத்துப் பியூஸைக் காப்பாற்றிவிடும்.

பியூஸ் போனால் செய்ய வேண்டியவை

புதியதைப் போடும் முன் பழையதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கம்பி நடுவில் மட்டும் அறுந்து, கண்ணாடி தெளிவாக இருந்தால் அளவுக்கு மீறிய ஒலி நெடுநேரம் ஓடியிருக்கிறது. அல்லது பல மாதங்களாகச் சூடேறி ஆறிக் கம்பி சோர்ந்து போயிருக்கிறது. கண்ணாடி கருத்தோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால் பெரிய மின்னோட்டம் ஒரே மூச்சில் பாய்ந்திருக்கிறது; அப்போது ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிஃபையரின் முனைகளில் டிசியை அளக்காமல் அடுத்த பியூஸைத் தொடவே கூடாது. பல வோல்ட் காட்டினால் கோளாறு ஆம்ப்ளிஃபையரில்தான். அங்கே ஒன்றுமில்லை என்றால் ஒயரில் எங்காவது இழைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்து, பிறகு ஸ்பீக்கரின் ஓமை அளந்து, கோனை இரு கட்டைவிரல்களாலும் சமமாக மெல்ல அழுத்தி உரசல் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

ட்வீட்டர் பியூஸ் போனது பல நேரம் தெரியவே தெரியாது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், குரல் மட்டும் கம்பளி போர்த்தியது போல மங்கியிருக்கும். அதை உணராமல் உயர் ஸ்வரங்களை ஏற்றிக் கலவை முடித்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் கோயில் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு காதைக் கிழித்தபோது நான் இதைக் கற்றேன். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் நன்கு பழகிய ஒரு பாட்டை இடம், வலம் தனித்தனியாக அரை நிமிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உதவியாளர்கள் இருக்கும் கூடமானால், ஹோல்டரின் மேலேயே '1.6 எஃப்', '500 மில்லி எஃப்' என்று பெயிண்ட் பேனாவால் எழுதி, அதே அளவில் இரண்டு உபரிப் பியூஸ்களைப் பெட்டியின் பின்னால் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். இரண்டும் ஒரே நாளில் தீர்ந்துவிட்டால், என்னைக் கேட்காமல் மூன்றாவதைப் போடக் கூடாது என்று என் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.